மால்ட்டுக்கு ஒரு நியாயம், பாளைக்கு ஒரு நியாயம்

போன ஜனவரியில் ஒரு எக்செல் ஷீட் ஆரம்பித்தேன். தேதி, ஊர், பீரின் பெயர், வகை, ஆல்கஹால் சதவீதம், விலை, பத்துக்கு எத்தனை மார்க். வங்கியில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்குக் குடிப்பதைக்கூட கட்டம் போட்டுத்தான் குடிக்க வரும். டிசம்பர் 31 ராத்திரி கூட்டிப் பார்த்தேன். 63 வரிகள். 38 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். இரண்டு பீர் திருவிழா டிக்கெட்டும் மூன்று டேஸ்டிங் வகுப்புக் கட்டணமும் இதில் அடக்கம். ஆட்டோ, கேப் தனி.

ஷீட்டை மூடுவதற்குள் பின்னால் நின்ற மகள் பார்த்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு. மேலே கொட்டை எழுத்தில் 'ஹாபி 1' என்று தலைப்பு வேறு வைத்திருந்தேன்.

"அப்பா, ஊர்ல குடிச்சா குடிகாரன். நீங்க குடிச்சா ஹாபியா?"

அடுக்களையிலிருந்து தங்கமணி சிரித்த சத்தம் கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. ஒரு மாதம் யோசித்த பிறகு வந்த பதில்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். பதில் எனக்கே சாதகமாக இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில், இந்தக் கிராஃப்ட் பீர் சமாச்சாரம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. 2009-ல் புனேயில் தூலாலி தொடங்கியது. 2010, 2011 வாக்கில் பெங்களூரில் இந்திராநகர் நூறடி ரோட்டில் டாய்ட், விட்டல் மல்லையா ரோட்டில் பியர் கிளப் என்று வந்தன. 2012-ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் ஊர்க் கம்பெனியின் பெயரில் ஆர்பர் ப்ரூயிங் மக்ரத் ரோட்டுக்கு வந்தது. அதே வருடம் வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ்: ஒரு பக்கம் ஜாஸ் கச்சேரி, சுவரெல்லாம் புத்தகம், நடுவில் பீர். அங்கேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றுவதுதான் மைக்ரோபிருவரி. முளைகட்டி உலர்த்திய பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து எவர்சில்வர் டாங்கியில் இரண்டு மூன்று வாரம் புளிக்கவிடுவார்கள். பெரும்பாலும் வடிகட்ட மாட்டார்கள். பாட்டில் பீர் மாதிரி பாஸ்ச்சரைஸ் செய்யவும் மாட்டார்கள்.

இந்த உலகத்துக்குள் போனால் காதில் திரும்பத் திரும்ப நாலு மந்திரம் விழும். லோக்கல். ஃப்ரெஷ். நேச்சுரல். கைப்பக்குவம். வருடம் முழுக்க இந்த நாலையும் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. பீரினால் அல்ல.

ஜனவரியில் டாய்ட்டில் ஆரம்பித்தேன். மரத்தட்டில் ஆறு குட்டி டம்ளர் வரிசையாக வைத்துக் கொடுப்பார்கள். அதில் பாஸ்மதி ப்ளாண்ட் என்று அரிசி சேர்த்த பீர் ஒன்று. நல்ல பீர், மறுக்கவே மாட்டேன். கோடையில் எங்கே போனாலும் மாம்பழ பீர். மும்பைக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது அந்தேரியில் தூலாலி டேப்ரூம். நாசிக் பக்கம் தேவ்லாலி என்ற ஊரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊருக்குத் திரும்பக் கப்பலுக்காகக் காத்திருந்து காத்திருந்து மறை கழன்று போனார்களாம். அப்படித்தான் 'தூலாலி' என்ற சொல் ஆங்கிலத்தில் கிறுக்குக்குப் பெயரானது. நம் ஊர்ப் பெயரை அவன் சிதைத்தான், சிதைந்த பெயரை நாம் போர்டில் எழுதி வைத்திருக்கிறோம். ஐ.பி.ஏ. கதையும் கிட்டத்தட்ட அதேதான். இந்தியா பேல் ஏல். 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் இங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் குடிக்க லண்டனிலிருந்து கப்பலேறி வந்த பீரின் வம்சம். பெயரில்தான் இந்தியா.

டேஸ்டிங் வகுப்பில் நிறையக் கற்றுக்கொண்டேன். ஹெஃபவைசன் என்ற ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடுவதில்லை, ஈஸ்ட் செய்கிற வேலை. பெல்ஜியத்து விட்பியரில் நிஜமாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். கோஸே என்ற ஜெர்மன் வகையில் உப்பும் கொத்தமல்லியும். நம் அஞ்சறைப்பெட்டியில் இருப்பதை ஜெர்மன்காரன் போட்டால் பாரம்பரியம் என்று சிலாகிக்கிறோம். கருப்பட்டி போட்ட ஸ்டவுட் ஒன்றும் ஒரு இடத்தில் குடித்தேன். பரிமாறிய பையன், "சார், ஆர்ட்டிசனல் பாம் ஜாகரி" என்றான். எங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்ததில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கருப்பட்டி எந்த மரத்திலிருந்து, எந்த மனுஷன் ஏறி இறக்கிய பதநீரிலிருந்து வந்தது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திருவிழாவுக்கும் போனேன். ஊருக்கு வெளியே பெரிய மைதானம், மணிக்கட்டில் காகிதப் பட்டை, டோக்கன், ஒரு மேடை, ஒரு பேண்டு. மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். நம்மவர்கள் அதற்கும் இங்கே விழா எடுக்கிறார்கள். சட்டைக்கு மேல் தோல் வார் மாட்டிக்கொண்டு ஐந்தாறு மென்பொருள் பையன்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் பாட்டம். யாரும் யாரையும் அடிக்கவில்லை. போலீஸ்காரர்கள் வாசலில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஷீட்டின் 51-ஆவது வரிதான் என்னைக் கெடுத்தது. பிரஸ்ஸல்ஸ் போய்வந்த நண்பர் ஒருவர் கோஸ் என்ற பெல்ஜிய பீர் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். அவர் வீட்டு பால்கனியில் ஆறு பேர், ஆளுக்கு ஒரு வாய். அதன் அடிப்படை லாம்பிக் என்ற பீர். பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியில் குளிர்மாதங்களில், காய்ச்சிய சாற்றை அகலமான ஆழமில்லாத தொட்டியில் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிடுவார்கள். ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் காட்டு ஈஸ்ட் தானே வந்து குடியேறிப் புளிக்கவைக்கும். ஒன்று, இரண்டு, மூன்று வருடத்துப் பீப்பாய்களைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அதுதான் கோஸ். பீர் ரசிகர்களுக்கு இது கோயில் பிரசாதம் மாதிரி. நண்பர் ரொம்பப் பயபக்தியோடு ஊற்றினார்.

வாயில் வைத்தேன். புளிப்பு, லேசான நுரை, அடியில் ஒரு மாட்டுத்தொழுவ வாசனை. எல்லோரும் கண்ணை மூடி "காம்ப்ளெக்ஸ்" என்றார்கள். எனக்கு ஏழு வயது ஞாபகம் வந்தது. எங்கள் தெருக்கோடியில் பனையேறித் தாத்தா வீட்டுத் திண்ணையில் கவிழ்த்து வைத்த கலயத்திலிருந்து வருமே, அதே வாசனை.

யோசித்துப் பாருங்கள். கள் என்பது என்ன? பனையேறி காலையும் மாலையும் மரமேறி, பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் தானே குடியேறிப் புளிக்கவைக்கும், அது கள். ஆல்கஹால் சுமார் 4 முதல் 6 சதவீதம், நான் குடித்த பெரும்பாலான பீர் அளவுதான். மறுநாள் விட்டால் காடியாகிவிடும்.

இப்போது அந்த நாலு மந்திரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். லோக்கலா? பெங்களூர் பீரின் ஹாப்ஸ் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிறது. கள்ளுக்கு மரமும் அரிவாளும் கலயமும் போதும், மூன்றும் ஒரே ஊரில் கிடைக்கும். ஃப்ரெஷ்ஷா? ஒரு நாளுக்கு மேல் வைக்கவே முடியாது. நேச்சுரலா? ஈஸ்ட்கூட போடுவதில்லை. கைப்பக்குவமா? பாளையை எவ்வளவு மெல்லிசாகச் சீவவேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை, அப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வருவது. நாம் கும்பிடும் நாலு சாமியும் ஒரே கலயத்துக்குள் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அந்தக் கலயம் குற்றம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971-ல் கருணாநிதி ஆட்சியில் அது தளர்ந்தது, சில வருடத்தில் மறுபடி மூடினார்கள். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளும் சாராயமும் திரும்ப வந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. யார் ஆட்சி என்று பார்த்துச் சண்டை போடாதீர்கள், எல்லாக் கட்சிக் கையெழுத்தும் இதில் இருக்கிறது. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். அந்தக் கடையில் விற்கும் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். இதையெல்லாம் கவனிக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. சட்டத்தின் பெயரும் மதுவிலக்குச் சட்டம்தான். கல்லாப்பெட்டிக்கு மதுவிலக்கு என்று பெயர் வைத்த மாநிலம் நம்முடையது.

ஆக, 43 சதவீதத்தை அரசே விற்கலாம், 5 சதவீதத்தை மரத்திலிருந்து இறக்கினால் கேஸ். இது மதுவிலக்கு இல்லை சாமி, யார் கையால் ஊற்றுவது என்ற விலக்கு.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்தப் பனையேறித் தாத்தா போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. மகன் இருக்கிறார், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறார். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"தம்பி, ஒரு விசயம் கேக்கணும். நம்ம மேல கேசு ஒண்ணு கெடந்து முடிஞ்சுது. அது இருந்தா பேங்குல லோன் தருவாங்களா?"

என்ன கேஸ் அண்ணாச்சி என்றேன். ஒரு நாள் சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்துபோய்ப் பதநீர் லேசாகப் புளித்துவிட்டதாம். வந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டு, கலயங்களை உடைத்து, கள் இறக்கியதாக எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கோர்ட்டுக்கு அலைந்து அபராதம் கட்டியிருக்கிறார். "வீட்ல புள்ளைங்க முன்னாடி கூட்டிட்டுப் போனாவ தம்பி. அதான் சங்கடமா போச்சு." காய்ச்சுகிற கொட்டகைக்கு ஷெட் போட இரண்டு லட்சம் வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை.

இங்கே நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான்கு வருடம் முன்பு, வேறொரு ஊரில் நான் வேலை பார்த்த கிளைக்கு ஒரு மைக்ரோபிருவரி லோன் ப்ரொபோசல் வந்தது. பெயர், ஊர் சொல்ல மாட்டேன், தொழில் தர்மம். ஃபெர்மென்டர், பாய்லர், சில்லர் எல்லாவற்றுக்கும் கொட்டேஷன், ஐந்து வருட உத்தேச பேலன்ஸ் ஷீட். யூனிட் விசிட் போனவன் நான்தான். டெர்ம் லோனுக்குச் சிபாரிசு செய்து கையெழுத்துப் போட்டவனும் நான்தான். திருப்பிச் சரியாகக் கட்டுகிறார்கள், எனக்கு அதில் குற்றவுணர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணாச்சி எதிரே உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது, அந்தக் கையெழுத்தின் மறுபாதி இவர்தான் என்று. ஈஸ்ட் எவர்சில்வர் டாங்கியில் வேலை செய்தால் அது தொழில், வங்கி ஓடிவரும். அதே ஈஸ்ட் மண்கலயத்தில் தானாக வந்து உட்கார்ந்துவிட்டால் அது கிரிமினல் வழக்கு.

கிளை மேனேஜரைப் பார்க்க அண்ணாச்சிகூட நானும் போனேன். பேப்பர் கேட்டிருக்கிறார்கள். இன்னும் முடியவில்லை.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"கள்ளில் கலப்படம் செய்வார்களே?" செய்வார்கள். 2025 ஜூலையில் ஐதராபாத் குக்கட்பள்ளியில் அல்பிரசோலம் என்ற தூக்க மருந்து கலந்த கள்ளைக் குடித்துச் சிலர் செத்தே போனார்கள். இதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் அயோக்கியன். ஆனால் கலப்படம் எப்போது வருகிறது? மரம் தருவதைவிட அதிகம் விற்கும்போது. ஒரு மரம் ஒரு நாளைக்குத் தருவதற்கு ஓர் அளவு உண்டு, அதுவும் வருடத்தில் சில மாதம்தான். வங்கியில் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வாங்கி, குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணிவிட்டுத்தான் பணம் எடுக்க விடுவோம். அதே மாதிரி மரத்துக்கு நம்பர் போடு, ஏறுபவருக்குப் பாஸ்புக் கொடு, இறக்கிய லிட்டரை எண்ணு, விற்ற லிட்டரை எண்ணு. பெங்களூரில் ஒரு மைக்ரோபிருவரி என்ன காய்ச்சியது, என்ன விற்றது என்று கலால் துறைக்குக் கணக்குப் போகிறதே, அதே கணக்கு. பக்கத்து கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. 1969-லேயே கள்ளுத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் போட்டவர்கள் அவர்கள். நம் ஊரில் அண்ணாச்சிக்கு எஃப்.ஐ.ஆர்., அங்கே அவர் மாதிரி ஆளுக்கு பி.எஃப்.

"குடியால் அழிந்த குடும்பங்களைத் தெரியாதா?" தெரியும். என் சொந்தத்திலேயே உண்டு. எந்த அளவு குடியும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. கள் உடம்புக்கு நல்லது, மருந்து, உணவு என்றெல்லாம் நான் கதைவிட மாட்டேன். என் கட்சி அது இல்லை. நாளைக்கே அரசு எல்லா மதுவையும் ஒட்டுமொத்தமாக மூடினால் முதலில் கை தட்டுபவள் தங்கமணி, இரண்டாவது நான். என் 63 வரியும் போகட்டும். ஆனால் பிராந்திக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு கலயத்தை உடைப்பவனுக்குக் குடும்பங்களைப் பற்றிப் பேச வாயில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். கள் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கூலிக்காரனுக்குச் சட்டப்படி எட்டுகிற விலையில் ஒன்றும் இல்லாத இடத்தில்தான் பாக்கெட் வியாபாரி கடை போடுகிறான் என்பதை எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்வான்.

"வெளியூரில் இருந்துகொண்டு உனக்கென்ன?" இந்தக் கேள்வி முக்கியம், ஏனென்றால் இது நம்மைப் பற்றியது. பெல்ஜியத்து பீர்ப் பண்பாட்டை 2016-ல் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோவா ஃபெனிக்கு 2009-லேயே புவிசார் குறியீடு. அந்தச் சமூகங்கள் தங்கள் குடியை ஒளித்துவைக்கவில்லை, அதனால் அதைச் செய்கிறவனும் தலைநிமிர்ந்து நிற்கிறான். நாம் என்ன செய்கிறோம்? பொங்கல் விழா மேடையில் பனை நம் மாநில மரம், கற்பகத் தரு என்று முழங்குகிறோம். பனங்கருப்பட்டிக் காபி ஸ்டால் போடுகிறோம். ஏரிக்கரையில் பனைவிதை நட்டு செல்ஃபி எடுக்கிறோம். அந்த விதை பாளை விட பதினைந்து வருஷமாவது ஆகும். அன்றைக்கு ஏற யார் இருப்பார்கள்? அண்ணாச்சியின் மகன் கோயம்புத்தூரில் கூரியர் கம்பெனியில் இருக்கிறான். மரத்தைக் கும்பிட்டுவிட்டு மரமேறியை ஜெயிலில் போடுவது என்ன பக்தி?

நானும் இதே கூட்டம்தான். டேப்ரூமில் பக்கத்து மேசை ஆளிடம் காட்டு ஈஸ்ட் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். கள் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏன்? பேசினால் மட்டமாக நினைப்பார்களோ என்ற கூச்சம். இவ்வளவுதான் நம் ரசனையின் லட்சணம். மைதானத்தில் ஆயிரம் பேர் குடிக்கும்போது போலீஸ் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறது. பனங்காட்டில் ஒருவர் இறக்கும்போது கலயத்தை உடைக்கிறது. வித்தியாசம் ஆல்கஹாலில் இல்லை. மணிக்கட்டில் கட்டியிருக்கும் காகிதப் பட்டையில் இருக்கிறது.

மகளுக்கு என் பதில்: ஹாபி இல்லை கண்ணு, குடிதான். ஊரில் கள் குடித்தவர் குடிகாரர் என்றால் அப்பாவும் குடிகாரன். அப்பா ரசிகன் என்றால் அவரும் ரசிகர். இரண்டில் எது என்று நீ முடிவு செய், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோல் வை.

ஷீட்டின் தலைப்பை 'குடிச் செலவு' என்று மாற்றிவிட்டேன். பார்க்கவே கூசுகிறது. கூசட்டும்.

டிஸ்கி: யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல இது. குடிப்பதில்லை என்பவர்கள் அப்படியே இருங்கள், பாக்கியவான்கள். குடிக்கிறவர்கள், அடுத்த முறை டம்ளரைத் தூக்கி 'லோக்கல்' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அண்ணாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது ஆளுக்கு இரண்டு கிலோ கருப்பட்டி, கடையில் அல்ல, காய்ச்சுகிறவர் கையிலிருந்தே, பேரம் பேசாமல் வாங்குங்கள். அதற்கு இன்னும் யாரும் தடை போடவில்லை :-)